கண்ணாடியைத் தின்ற அமிலம்

அத்தியாயம் 9

கணவன் சாங்கின் விரல்களைப் பார்த்ததும் லுவாவுக்கு முதலில் வந்தது பயம்தான். கோபம் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்த பிறகு அன்று முழுக்க அவளை விட்டுப் போகவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டறைக்கு வந்த லாரியிலிருந்து பழைய ஆசிட்டை இறக்கும்போது ரப்பர் குழாய் நழுவியது. சாங்கின் வலது கையில் தெறித்தது. கையுறையில் சின்னதாக ஒரு கிழிசல். "ஒண்ணுமில்ல லுவா, எரியக்கூட இல்ல" என்று சிரித்துக்கொண்டே குழாயடியில் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். எரியாமல் இருந்ததுதான் ஆபத்து என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் வலி தாங்காமல் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "துரு எடுக்குற ஆசிட்தானே?" என்று கேட்டுக் களிம்பு தடவி, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலையில் சாங் அந்தக் கட்டை அவிழ்த்துப்போட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியில் வெளுத்துச் சாம்பலாகியிருந்தன. நகத்துக்கடியில் கருநீலம். கொப்புளம் இல்லை, சிவப்பும் இல்லை.

"தூங்கவே இல்லையா?"

"எலும்புக்குள்ள திருகாணி போட்டு முறுக்குற மாதிரி இருக்கு. மாத்திரை எதுவும் கேக்கல." அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். "நீ போ. உங்கம்மா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. கோழி வேகணுமாம்."

அன்று லுவாவின் அப்பாவுக்குத் திதி.

எங்கள் பக்கத்தில் திதி நாளில் வீடு கொள்ளாமல் சொந்தம் வந்துவிடும். டெட் புத்தாண்டுப் பண்டிகை முடிந்து மூன்று வாரம். தூறல் நின்றபாடில்லை. நனைந்த மழைக்கோட்டுகள் அம்மா வீட்டு முற்றம் முழுக்கத் தொங்கின. உள்ளே படையல் மேஜையில் அப்பாவின் படம், பழத்தட்டு, சாராயக் கிண்ணங்கள். சமையலறையில் மூங்கில் குருத்துக் குழம்பு கொதித்தது. தம்பி தோவான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சிகரெட் நீட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு ஒரே ஆண் பிள்ளை. ஊதுவத்தி அவன்தான் ஏற்ற வேண்டும்.

"லுவா, பட்டறையில காத்து மோட்டார் ஓடிட்டே இருக்கு பாரு. விருந்தாளிங்க பேசுறதே காதுல விழல. போய் நிறுத்திட்டு வா" என்றாள் அம்மா.

பட்டறை அதே வளாகத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். ஹாய்ஃபாங் நகரத்துக்கு வெளியே ஆற்றோரம் நெடுக இரும்புக்குத் துத்தநாகம் பூசும் கடைகள் இருக்கின்றன. துரு எடுக்க அவர்கள் ஆசிட்டில் இரும்பை முக்கி முக்கி எடுப்பார்கள். ஆசிட் பச்சையாகி வீரியம் போனதும் அதை லுவா வாங்கி வருவாள். கசடை அடியில் தங்கவிட்டு, வடிகட்டி, சூடாக்கிக் காற்று ஊதி, செம்பழுப்புத் திரவமாக மாற்றுவாள். சாயத் தண்ணீரையும் சாக்கடைத் தண்ணீரையும் தெளியவைக்க அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். வேண்டாம் என்று ஒருவர் கொட்டியதை இன்னொருவருக்கு உபயோகமாக்கும் தொழில். அப்பா ஆரம்பித்தது. அவர் இறந்தபோது தோவான் தைவானில் கூலி வேலையில் இருந்தான். அதனால் உரிமம் லுவாவின் பெயருக்கு வந்தது. அவன் திரும்பி வந்து நான்கு வருடமாகியும் அந்த ஒரு விஷயம் அவனுக்கு ஆறவில்லை.

லுவா மோட்டாரை நிறுத்தினாள். திரும்பும்போதுதான் கவனித்தாள்.

லாரிகளிலிருந்து இறக்கும் தொட்டியின் பக்கவாட்டில், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அது பனி படிந்தது போல மங்கிக் கிடந்தது.

தூறல் ஈரம் என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். மங்கல் போகவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. கீழ்ப்பக்கம் கண்ணாடி பாதியாக மெலிந்திருந்தது.



இரும்பைத் தின்னும் ஆசிட் பல உண்டு. கண்ணாடியைத் தின்பது ஒன்றே ஒன்றுதான். நகரத்துக் கடைகளில் நிலைக்கண்ணாடியில் பூப்போட அதைத் தொட்டுத் தடவுவார்கள். எவர்சில்வர் குழாய் செய்யும் ஆலைகளில், குழாயைப் பளபளப்பாக்க மற்ற ஆசிட்டோடு அதைக் கலப்பார்கள். தோலில் பட்டால் உடனே எரியாது. உள்ளே இறங்கி, எலும்பைத் தேடிப் போகும். நாகப் பூச்சுக் கடையில் அதற்கு வேலையே கிடையாது.

அந்த லாரியைக் கொண்டுவந்தது தோவான். "நம்ம பழைய கடைச் சரக்குதான் அக்கா" என்று சொன்னதும் அவன்தான்.

அவள் தொட்டியின் வால்வுகளை மூடிப் பூட்டுப் போட்டாள். பிறகு ஓடினாள்.

படையலுக்கு முன்னால் எல்லோரும் நின்றிருந்தார்கள். தோவான் மூன்று ஊதுவத்திகளை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றிக்கு உயர்த்தியிருந்தான்.

"டேய் தோவான். முந்தாநாள் லாரியில வந்தது எந்த ஆசிட்?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "சாமி கும்பிட்டுட்டு இருக்கேன்."

"எந்த ஆசிட்னு கேட்டேன்."

"லுவா!" அம்மாவின் குரல் உயர்ந்தது. "உங்கப்பா முன்னாடி நின்னுட்டு இதென்ன பேச்சு? வத்தி எரிஞ்சு முடியட்டும். அப்புறம் கேளு."

"வத்தி எரியிற நேரத்துல அவரோட விரல் போயிடும்மா."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா கையிலிருந்த சாராயக் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

தோவான் வத்திகளை மணல் கிண்ணத்தில் குத்திவிட்டு நிதானமாகத் திரும்பினான். "அக்கா, உனக்கு எப்பவும் நாலு பேர் பார்க்கணும். கடைச் சரக்குதான்னு அன்னிக்கே சொன்னேனே."

"கடைச் சரக்கு கண்ணாடியைத் தின்னுமா? தொட்டிக் குழாயைப் போய்ப் பாரு. பாதி கரைஞ்சு நிக்குது."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அதை லுவா மட்டுமல்ல, அவன் மனைவி மியெனும் பார்த்தாள்.

"எவர்சில்வர் ஆலைச் சரக்கா? ஒரு வார்த்தை சொல்லு. டாக்டர்கிட்ட எதைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியணும்."

"கொஞ்சம் கலந்திருக்கலாம். எல்லாரும் வாங்குறாங்க. நம்ம சரக்கோட சேர்த்துட்டா ஒண்ணும் தெரியாதுன்னு புரோக்கர் சொன்னான்..."

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நீதானே வண்டியில ஏத்திட்டுப் போனே? டாக்டர் கேட்டப்ப பக்கத்துலதானே நின்னே?"

"சொல்லியிருந்தா போலீசுக்குப் போயிருக்கும்!"

"அதனால அவர் கையை அழுகவிட்டியா?"

"கத்தாதே!" இப்போது அவனும் கத்தினான். "நாகப்பூச்சுக் கடைக்காரங்க பாதிப் பேர் கடையை மூடிட்டாங்க. சரக்கு வரத்து ஏது? டெட்டுக்கு ஆளுங்களுக்கெல்லாம் போனஸ் கொடுத்து நல்ல பேர் வாங்கினியே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு நினைச்சே? இந்தக் கழிவை எடுத்துக்க ஆலைக்காரன் கொடுத்த காசு. நீ நல்லவளா இருக்க நான் கெட்டவனா அலையணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. உரிமம் உன் பேர்ல. நாளைக்கு விலங்கு போட்டா உன் கையிலதான் போடுவான்."

லுவா அவனை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று கை பரபரத்தது. படையல் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணங்கள் கடகடத்தன.

"கார் சாவியைக் கொடு."

"சாப்பிட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்."

"சாவி!"

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "வருஷத்துக்கு ஒரு நாள்டீ. அவரு வந்து உக்கார்ற நேரம். ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடும்? மாப்பிள்ளை நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதானே வந்தாரு?"

"அம்மா, நகரு."

"உங்கப்பா இருந்திருந்தா..."

"இருந்திருந்தா இந்நேரம் இவனை ஆத்துல தள்ளியிருப்பாரு. நகரு!"

பின்னாலிருந்து ஒரு கை லுவாவின் உள்ளங்கையில் எதையோ திணித்தது. மியென். புருஷனின் சட்டைப் பையிலிருந்து சாவியை எப்போது எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. தோவான் அவளை முறைத்த முறைப்பில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அமைதியானார்கள்.

காரில் சாங் கண்ணை மூடிக்கொண்டு, கையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தான். பாலத்தில் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. லுவா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னாள். கண்ணாடிக் குழாய், எவர்சில்வர் ஆலை, எல்லாவற்றையும்.

சாங் கண்ணைத் திறந்து பாலத்தைப் பார்த்தான். அவன் சண்டைக்காரன் இல்லை. திருமணமான இத்தனை வருடத்தில் தம்பியும் அக்காவும் மோதும்போதெல்லாம் நடுவில் நின்று தேநீர் ஊற்றிக் கொடுத்தவன்.

"இப்பதான் புரியுது" என்றான் கடைசியில்.

"என்ன?"

"எப்ப லாரி வந்தாலும் தோவான் என்கூட நின்னு குழாயைப் பிடிப்பான். அன்னிக்குப் பிடிக்கல. வாசல்கிட்ட போய் நின்னுக்கிட்டு, 'அத்தான், நீங்க பாத்துக்கோங்க, எனக்கு போன் வருது'ன்னான்." அவன் கையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். "போன் எதுவும் வரல லுவா. அவன் காதுல வச்சிருந்தான், அவ்வளவுதான். எனக்குத் திரை தெரிஞ்சுது. இருட்டா இருந்துச்சு."

லுவா காரை ஓட்டினாள். கண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் வரிசையில் நிற்கவில்லை. "கண்ணாடி அரிக்கிற ஆசிட். முந்தாநாள் பட்டது" என்று அவசரப் பிரிவு வாசலில் கத்தினாள். அதைக் கேட்டதும் ஓர் இளம் பெண் டாக்டர் கையிலிருந்த பாதி ரொட்டியை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

கால்சியம் கலந்த பசையை ஒரு கையுறைக்குள் நிரப்பி, அதற்குள் சாங்கின் கையை நுழைத்தார்கள். விரல்களைச் சுற்றி ஊசி போட்டார்கள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டித் துடிப்பைப் பார்த்தார்கள். சாங் முதல் தடவையாகக் கத்தினான். வெளியே நின்ற லுவா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

டாக்டர் வெளியே வந்தபோது அவளும் கோபமாகத்தான் இருந்தாள்.

"நேத்து யாரும் இதைச் சொல்லலையா? பட்ட உடனே இந்தப் பசையைத் தடவியிருந்தா தழும்புகூட இருந்திருக்காது. சாதாரண ஆசிட்னு எழுதி வச்சிருக்காங்க. யார் அப்படிச் சொன்னது?"

"என் தம்பி."

டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். "நடுவிரலைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். மோதிரவிரல் நுனி போயிடும். அதுக்கு மேல பரவாம இருக்கணும். இன்னிக்கு ராத்திரி நெஞ்சுத்துடிப்பையும் பார்த்துட்டே இருக்கணும். கூட வேலை செஞ்சவங்க வேற யாருக்காவது பட்டிருக்கா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கோங்க. சீக்கிரம்."

மத்தியானத்துக்கு மேல் மியென் வந்தாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் அம்மா, கையில் தூக்குப் பாத்திரத்தோடு. திதிச் சோறு. அம்மா பெஞ்சின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்றாள் மியென்.

"ஒரு விரல் நுனி போகுதாம். உன் புருஷன் எங்கே?"

"பைக்கை எடுத்துட்டுக் கிளம்பிட்டார். போனை அணைச்சு வச்சிருக்கார்." மியென் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா இனிமே எனக்கு அந்த வீட்டுல இடம் இல்ல. ஆனாலும் சொல்லிடறேன்."

"சொல்லு."

"அந்தச் சரக்கு ஒரு லாரி இல்ல. மூணு லாரி வந்துச்சு. உங்க தொட்டியில இறங்கினது மூணாவது. பள்ளம் நிரம்பிட்டதாலதான் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாரு."

"எந்தப் பள்ளம்?"

மியென் பெஞ்சின் மறுமுனையைப் பார்த்தாள்.

லுவாவும் அங்கே பார்த்தாள். அம்மா தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"அம்மா, எந்தப் பள்ளம்?"

"பழைய செங்கல் சூளைப் பள்ளம்" என்றாள் அம்மா, தரையிடம் சொல்வது போல. "என் பேர்ல இருக்கிறது. சும்மாதானே கிடக்குதுன்னு கேட்டான். சுண்ணாம்பு போட்டுச் சுத்தம் பண்ணிட்டோம், வெறும் தண்ணிதான், ராத்திரியோட ராத்திரியா கொட்டிடறேன்னு சொன்னான்."

"வெறும் தண்ணியை எதுக்கும்மா ராத்திரியில கொண்டுபோய்க் கொட்டுவான்?"

அம்மா மறுபடியும் மூடியைத் திருகினாள்.

"நீ கேக்கலையா? இத்தனை வருஷம் ஆசிட் பட்டறைக்காரன் பொண்டாட்டியா இருந்தியே, உனக்கு வாசனைகூடவா தெரியல?"

"தெரிஞ்சுது!" அம்மா நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "தெரிஞ்சுதுடீ. போதுமா? எதையெடுத்தாலும் உன்கிட்ட கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான் அவன். ஆம்பளப் பிள்ளை, சொந்த அப்பன் பட்டறையில கூலிக்காரன் மாதிரி. ஒண்ணே ஒண்ணு என்கிட்ட கேட்டான். பள்ளத்து வாசல் சாவியைக் கொடுத்தேன். மாப்பிள்ளை கை இப்படி ஆகும்னு நான் கண்டேனா?"

"காலையில கண்டியே. அப்பவும் வத்தி எரியட்டும்னுதானே சொன்னே?"

அம்மா தூக்குப் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

லுவாவுக்கு அதற்குள் வேறொன்று உறைத்தது. செங்கல் சூளைப் பள்ளத்துக்கும் பாசனக் கால்வாய்க்கும் நடுவில் இருப்பது ஒரு மண் வரப்பு. தூறலில் பத்து நாளாக ஊறிக் கிடக்கும் வரப்பு. நாளைக் காலையில் மதகைத் திறக்கிறார்கள். நடவுக்குத் தண்ணீர். கால்வாய் நிறைந்தால் வரப்பு தாங்காது. கீழே மூன்று ஊர் பெண்கள் முழங்கால் ஆழத் தண்ணீரில், வெறுங்காலோடு நாற்று நடுவார்கள். முதலில் யாருக்கும் எரியாது.

அவள் எழுந்து அறைக்குள் போனாள். சாங் விழித்திருந்தான். கையுறை போட்ட கை தலையணை மேல் ஒரு பொதி மாதிரி கிடந்தது. மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

"போலீசுக்குப் போன் பண்ணப் போறேன். உரிமம் என் பேர்ல. என்னையும் பிடிப்பாங்க. பட்டறையை மூடிடுவாங்க."

"மூடட்டும்" என்றான் சாங்.

"நீங்க இப்படிப் படுத்திருக்கும்போது..."

"லுவா." வழக்கமாகச் சமாதானம் பேசும் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து அவள் கேட்டதே இல்லை. "இந்த வலி இன்னொருத்தருக்கு வரக் கூடாது. போ. இப்பவே பண்ணு."

நடைபாதைக்கு வந்து சுற்றுச்சூழல் போலீசின் எண்ணைத் தேடி அழைத்தாள். ஓர் ஆண் குரல் எடுத்தது. லுவா தன் முழுப் பெயரைச் சொன்னாள். பட்டறையின் பெயரைச் சொன்னாள். என்ன வந்தது, எங்கே கொட்டியிருக்கிறது, மதகை ஏன் திறக்கக் கூடாது என்பதை ஒரே மூச்சில் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்த ஆள் யாரையோ உரக்கக் கூப்பிட்டான்.

"இதைக் கொண்டுவந்தது யாரு?"

"என் தம்பி. தோவான்."

"இடம் யாருடையது? கொட்டறதுக்கு அனுமதி கொடுத்தது யாரு? சம்பந்தப்பட்ட எல்லார் பேரும் வேணும்மா."

லுவா திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் மியென் அழுதுகொண்டிருந்தாள். அவளருகில் அம்மா எழுந்து நின்றிருந்தாள். தூக்குப் பாத்திரம் தரையில் இருந்தது. காலையில் படையலுக்காகப் போட்ட பட்டுச் சட்டையின் ஒரு தோள் முழுக்க மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எவ்வளவு சின்ன உருவம் என்று லுவாவுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. தோன்றியும் கோபம் குறையவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அம்மா, உன் பேரைக் கேக்கறாங்க. நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அம்மா நடைபாதையில் மெதுவாக நடந்து வந்தாள். மகளுக்கு எதிரே நின்று கையை நீட்டினாள். அந்தக் கை பேசுவதற்காக நீள்கிறதா, பேச்சை அறுப்பதற்காக நீள்கிறதா என்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

லுவா போனைக் கொடுத்தாள்.